அங்குலம், நூல், மில்லி: கணக்கு எங்கே சறுக்குகிறது?

கேள்வி இதுதான். வீட்டில் உள்வேலை நடக்கிறது. வரைபடம் முழுக்க மில்லிமீட்டர். ஆசாரி பேசுவது அங்குலமும், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூலும். கடைக்காரருக்கு அடிக்கணக்குதான் தெரியும். போனில் அளவு மாற்றும் செயலி இருந்தும் இரண்டு இடத்தில் அளவு தப்பிவிட்டது. தப்பில்லாமல் மாற்றுவது எப்படி? கூடவே இன்னொன்று: 38 அங்குல அகலத்தில் விட்டிருக்கும் மாடத்தில் 43 அங்குல டிவி நுழையுமா?

முதலில் அடிப்படை எண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இது சுமார் கணக்கு அல்ல, வரையறையே அதுதான். அதற்குப் பின்னால் வால் எதுவும் கிடையாது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். அடி என்பது 304.8 மி.மீ., கஜம் 914.4 மி.மீ. எதிர்த்திசையில் போகும்போதுதான் வால் முளைக்கும். ஒரு மீட்டர் 39.37 அங்குலம் என்கிறோமே, அது சுருக்கி எழுதியது. கையால் செய்யும் எந்த வேலைக்கும் அது போதும்.

இந்த 25.4 எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. 1893 முதல் அமெரிக்காவில் ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம் என்று வைத்திருந்தார்கள். அதன்படி ஒரு அங்குலம் 25.4-ஐவிட ஒரு மயிரிழை அதிகம். பிரிட்டனில் அவர்களுடைய கஜக் கட்டையை வைத்துக் கணக்கிட்டால் ஒரு மயிரிழை குறைவு. மயிரிழை என்பதே அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இயந்திரப் பாகம் செய்பவர்களுக்கு இரண்டு அங்குலம் இருப்பது தலைவலி. சுவீடனில் அளவுக் கட்டைகள் செய்துவந்த யோஹான்சன் என்பவர் இரண்டுக்கும் நடுவே 25.4 என்று வைத்துத் தன் கட்டைகளைச் செய்தார். தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் கஜம் 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டதோடு சண்டை தீர்ந்தது. ஆக, இன்றைக்கு அங்குலம் என்பதே மீட்டரை வைத்துத்தான் அளக்கப்படுகிறது.

சரி, செயலி இருந்தும் உங்களுக்கு ஏன் தப்பியது? பெரும்பாலும் செயலிக்குள் நீங்கள் தட்டிய எண்ணே தப்பாக இருந்திருக்கும். அதிலும் ஒரு புள்ளியில்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் சுவர்க்குழிக்குள் அலமாரி வைக்க அளவெடுத்தேன். அகலம் ஐந்து அடி மூன்று அங்குலம். சீட்டில் 5.3 என்று எழுதிப் பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு பையன் அதை 5.3 அடி என்று எடுத்துக்கொண்டு, 304.8-ஆல் பெருக்கி, 1615 மி.மீ. என்று பலகை அறுத்துவிட்டான். உண்மையில் வேண்டியது 63 அங்குலம், அதாவது 1600 மி.மீ. பதினைந்து மில்லி கூடுதல். அலமாரியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி, குழிக்கு முன்னால் வைத்தபோது கொஞ்சம்கூட உள்ளே போகவில்லை. பட்டறையின் மூத்த ஆசாரி என்னைத்தான் பார்த்தார். "தம்பி, புள்ளிக்கு அப்புறம் இருக்கிற மூணு, இஞ்சா இல்ல பத்துல மூணா? நீ எழுதலயே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். புள்ளிக்கணக்கு பத்தில் ஓடுவது. இரண்டையும் ஒரே புள்ளியால் எழுதுவதுதான் வம்பு. 5.6 அடி என்று எழுதிவிட்டு ஐந்தடி ஆறங்குலம் என்று நினைக்கிறோம். ஐந்தடி ஆறங்குலம் என்றால் 5.5 அடி. இன்னும் மோசமானது பத்தும் பதினொன்றும். ஐந்தடி பத்தங்குலத்தை 5.10 என்று எழுதினால் கால்குலேட்டர் அதை 5.1 என்றுதான் படிக்கும். ஐந்தடி ஒன்பதைவிடச் சின்னதாகிவிடும்.

மனையில் இது பணமாகவே போகும். முப்பதடி பத்தங்குல அகலம், நாற்பதடி நீளம் என்று ஒரு மனை. சரியாகப் போட்டால் 1233 சதுர அடிக்குச் சற்று மேல். 30.10 என்று தட்டினால் 1204. இருபத்தொன்பது சதுர அடி காணாமல் போகிறது. சதுர அடி மூவாயிரம் ரூபாய் என்று வையுங்கள், எண்பத்தெட்டாயிரம் ரூபாய். பத்திரம் எழுதும்போது தரகர் கையில் இருக்கும் கால்குலேட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அங்குலத்தை முதலில் பன்னிரண்டால் வகுத்து, பிறகு அடியோடு கூட்ட வேண்டும். மூன்று அங்குலம் 0.25, ஆறு 0.5, ஒன்பது 0.75, பத்து 0.833. இந்த நான்கும் மனப்பாடமாக இருந்தால் பாதி விபத்து தவிரும்.

புள்ளி ஏமாற்றும் இன்னோர் இடம் வளையல் கடை. 2.4, 2.6, 2.8, 2.10 என்று அளவு சொல்வார்கள். 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரிய வளையல். எப்படி? அங்கே புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டே கால் அங்குல உள்விட்டம், 57 மி.மீ. 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. 2.10 என்றால் இரண்டரையும் அரைக்காலும், 66.7 மி.மீ. வெளிநாட்டிலிருக்கும் அக்காவுக்கு வளையல் வாங்க, அவர் அனுப்பிய 64 மி.மீ. அளவை 25.4-ஆல் வகுத்து "2.5 கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். கேட்க வேண்டியது 2.8.

ஒரு வளையல் அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம். இதற்குத்தான் ஆசாரி நூல் என்று பெயர் வைத்திருக்கிறார். அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.175 மி.மீ.

நூலை மில்லியாக்க எளிய வழி, மூன்றால் பெருக்கி, ஆறு நூலுக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் கொஞ்சம் சேர்ப்பது. இரண்டு நூல் 6.35, மூன்று 9.5, நான்கு 12.7, ஐந்து 15.9, ஆறு 19, ஏழு 22.2. அரை நூல் 1.6. நம் வீட்டு மர வேலையில் அரை நூலுக்குக் கீழே யாரும் பேச மாட்டார்கள். பேசினால் அவர் மைக்கா ஒட்டுபவராக இருக்கும்.

எனக்கு எந்தச் செயலியையும்விட அதிகம் பயன்பட்டது அதே மூத்த ஆசாரி சொல்லிக் கொடுத்த ஒரு வரி: "நூறு மில்லின்னா நாலு இஞ்சுக்கு அரை நூல் கம்மி." சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாலு அங்குலம் 101.6, அரை நூல் 1.6, மீதி 100. நூறில் ஒரு பங்கு மில்லிக்குச் சற்று மேல்தான் விலகும். இதை அப்படியே ஏற்றிக்கொண்டு போகலாம். 300 மில்லி என்றால் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவு. 600 என்றால் இரண்டடிக்கு மூன்று நூல் குறைவு. ஒரு மீட்டர் என்றால் நாற்பது அங்குலத்துக்கு ஐந்து நூல் குறைவு, அதாவது 39 அங்குலம் 3 நூல். வரைபடத்தில் 1800 என்று இருந்தால் பதினெட்டு நாலு எழுபத்திரண்டு அங்குலம், அதில் ஒன்பது நூல் கழித்தால் 70 அங்குலம் 7 நூல். போனை எடுக்கும் முன்பே ஆசாரி டேப்பை இழுத்துவிடுவார். அவர் பள்ளிக்கூடத்தில் எத்தனையாவது வரை படித்தார் என்று நான் கேட்டதில்லை.

எதிர்த்திசையில், அங்குலத்தை மில்லியாக்க, இருபத்தைந்தால் பெருக்கி அப்புறம் அங்குலத்தில் பத்தில் நான்கு பங்கைச் சேருங்கள். 63 அங்குலம்: 1575, அதோடு 25. மொத்தம் 1600. தாள் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டட வேலையில் சில பெயர்கள் அளவு மாதிரி ஒலிக்கும், ஆனால் வெறும் பெயர்தான். கம்பி வாங்கும்போது 10 மில்லிக் கம்பியை மூணு நூல் கம்பி என்பார்கள், 12 மில்லியை நாலு நூல், 16 மில்லியை அஞ்சு நூல், 20 மில்லியை ஆறு நூல். பத்தும் பதினாறும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் நாலு நூல் என்பது 12.7, கம்பியோ 12. முக்கால் மில்லிதானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் பார்த்தால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைவு, ஏனென்றால் விட்டம் இருமடிப் பெருக்கலில் வருகிறது. ஆகவே கடையில் நாலு நூல் என்று கேட்பதில் தவறில்லை. இரும்புக் கணக்குப் போடும் இடத்தில் மட்டும் 12 என்றே போடுங்கள். நாற்பதடிக் கம்பி என்பதும் அப்படித்தான். அது 12 மீட்டர், அதாவது 39 அடி 4 அங்குலம் சொச்சம்.

குழாயில் கதை இன்னும் வேடிக்கை. அரை இஞ்ச் பைப்பை டேப் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் அரை அங்குலம் வராது. ஜிஐ குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 21 மில்லிக்குச் சற்று மேல். வெந்நீருக்குப் போடும் சிபிவிசி குழாயில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 15.9, சரியாக ஐந்து நூல். முக்கால் இஞ்சுக்கு ஏழு நூல், ஒரு இஞ்சுக்கு ஒன்பது நூல். பெயரோடு ஒரு நூல் கூட்டினால் வெளிவிட்டம். வயலுக்குப் போடும் பிவிசி குழாயில் எழுதியிருக்கும் மில்லி, வெளிவிட்டம். ஆக அரை இஞ்சை 25.4-ஆல் பெருக்கி 12.7 மில்லி ஓட்டை போட்டுவைத்தால் எதுவும் நுழையாது. குழாயைப் பொறுத்தவரை மாற்றவே மாற்றாதீர்கள். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். சமையலறைப் பெட்டிகள் 600, 600 என்று வரிசையாகப் போட்டிருக்கும். அதை எல்லாரும் இரண்டடி என்று வாயால் சொல்லிவிடுவார்கள். ஒரு பெட்டிக்கு வித்தியாசம் 9.6 மி.மீ., மூன்று நூல். ஒன்றுக்குப் பரவாயில்லை. ஐந்து பெட்டி வரிசையாக வந்தால்? வரைபடத்தில் 3000. ஆசாரி கையில் பத்தடி, 3048. நாற்பத்தெட்டு மில்லி, கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். கடைசிப் பெட்டி சன்னலை மறைக்கும், அல்லது அடுப்பு நகரும். உங்கள் வீட்டில் தப்பிய இரண்டு இடங்களில் ஒன்றாவது இந்த வகையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். கையாளும் வழி: துண்டு துண்டாக மாற்றிப் பிறகு கூட்டாதீர்கள். முதலில் மொத்தத்தைக் கூட்டுங்கள், அப்புறம் ஒரே ஒருமுறை மாற்றுங்கள். நடுவில் எங்கும் சுருக்காதீர்கள்.

பலகையிலும் இந்தக் கண்ணாமூச்சி உண்டு. எட்டுக்கு நாலு பிளைவுட் என்பது தாளில் 2440-க்கு 1220. எட்டடி என்பது 2438.4. ஒன்றரை மில்லி நமக்கு இலவசம். ஆனால் அதை நம்பி ஒரு பலகையில் நான்கு இரண்டடித் துண்டு எடுக்க முடியாது. ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் ஏறத்தாழ மூன்று மில்லி தின்றுவிடும், அதாவது ஒரு நூல். மூன்று அறுப்பு, ஒன்பது மில்லி. மீதியை நாலாகப் பிரித்தால் துண்டுக்கு 607 சொச்சம்தான் கிடைக்கும். 600 என்று திட்டமிட்டால் நான்கும் நிம்மதியாக வரும். மில்லியில் வரைபவர்கள் 600-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரப்புக்கும் கன அளவுக்கும் போகும்போது மாற்று எண்ணையும் அதே மாதிரி பெருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் அவசரத்தில் மறந்துபோகும். ஒரு மீட்டர் 3.28 அடி. சதுர மீட்டர் 10.76 சதுர அடி. கன மீட்டர் 35.3 கன அடி. டைல்ஸ் பெட்டியில் சதுர மீட்டர் போட்டிருந்தால் 10.76-ஆல் பெருக்குங்கள், 3.28-ஆல் அல்ல. மணல் ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி, 2.83 கன மீட்டர். நிலத்தில் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று வரும் கணக்கில் ஒரு ஏர் 2.47 சென்ட். அங்கே 0 - 12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், கிட்டத்தட்ட 31 சென்ட். சென்ட்டின் அந்த 435.6 எங்கிருந்து வந்தது என்றால், நில அளவைச் சங்கிலி 66 அடி, நூறு கண்ணி, கண்ணிக்கு 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம் இருப்பதும் இதே 66 அடி.

மரக்கடையில் மட்டும் ஒரு கலப்புக் கணக்கு நடக்கும், அது சரியான கணக்கும்கூட. சட்டத்தின் அகலமும் தடிமனும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஐந்துக்கு மூன்று நிலைச்சட்டம், இரண்டு கால் ஏழேழு அடி, மேல் சட்டம் மூன்றரை அடி என்றால் மொத்தம் பதினேழரை அடி. ஐந்து மூன்று பதினைந்து, பதினேழரையால் பெருக்கினால் 262.5, 144-ஆல் வகுத்தால் 1.82 கன அடி. இதை மீட்டருக்கு மாற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விலை கன அடிக்குத்தான் சொல்கிறார்கள்.

மெட்ரிக் சட்டம் 1956-லேயே வந்துவிட்டதே, இன்னும் ஏன் அங்குலம் என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. செங்கல்லும் கதவும் பலகையும் அங்குலத்தில் பிறந்தவை. ஒன்பது அங்குலச் சுவரைப் பொறியாளர் 230 என்று எழுதினாலும் கொத்தனாருக்கு அது ஒன்பது அங்குலச் சுவர்தான். அப்புறம், பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நாலாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். அங்குலத்தைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மடித்துக்கொண்டே போனால் நூல் வந்துவிடும். தாளே இல்லாமல் வேலை செய்பவருக்கு இது வசதி. புடவை இன்னும் ஆறு கஜம், ஒன்பது கஜம்தான். ஆறு கஜம் 5.49 மீட்டர். கடையில் ஐந்தரை மீட்டர் என்று சீட்டு ஒட்டியிருப்பதும் அதேதான்.

அங்குலம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நம் பழைய வாய்பாட்டில் எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். அந்த விரலுக்கும் அங்குலம் என்றே பெயர். அதன்படி இருபத்துநாலு அங்குலம் ஒரு முழம், நம் டேப்பில் ஒன்றரை அடி மாதிரி. கடை டேப்பிலோ இருபத்துநாலு அங்குலம் இரண்டடி. ஆக சிற்ப நூலில் வரும் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் சிலை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். இங்கிலாந்திலும் ஆரம்பம் தானியம்தான். மூன்று பார்லி மணி நீளம் ஒரு இஞ்ச். செருப்புக் கடையில் எட்டாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் உள்ள தூரம் இன்றைக்கும் அந்த ஒரு பார்லி, 8.5 மில்லி.

அளக்கும் கருவியைப் பற்றிக் கொஞ்சம். டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். கெட்டுவிட்டது என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். அந்த ஆட்டம் கொக்கியின் தடிமனுக்குச் சமம். வெளியே மாட்டி இழுக்கும்போதும், உள்ளே முட்டவைத்து அளக்கும்போதும் இரண்டிலும் சரியாக வரவே அப்படி வைத்திருக்கிறார்கள். புது டேப் வாங்கியதும் பத்து அங்குலக் கோட்டுக்கு நேராக மறு ஓரத்தில் 25.4 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். தையற்காரர் டேப்பில் அறுபது அங்குலத்துக்கு நேராக 152.4 வர வேண்டும்; சரியாக 150-இல் முடிந்தால் ஏதோ ஒரு பக்கம் பொய்.

வெயிலும் அளவை மாற்றும். 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு நில அளவைக்கான அடிப்படைக் கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியோடு வெப்பமானியையும் வைத்துக்கொண்டார். எஃகு ஒரு டிகிரி சூடானால் அந்த ஏழரை மைலில் கணக்கு சுமார் ஐந்தரை அங்குலம் பிசகும். சித்திரை வெயிலில் சென்னையில் ஒரு டிகிரி என்பது ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். உங்கள் சமையலறைக்கு இந்தக் கவலை வேண்டாம். மனை அளப்பவர்களுக்குச் சொன்னேன்.

இனி நடைமுறை. இப்போது எங்கள் பட்டறையில் அடியை எழுதும்போது புள்ளி வைப்பதே கிடையாது. 5 அடி 3 அங்குலம் 2 நூல் என்று எழுத்தில் போடுகிறோம், அல்லது மொத்தமும் மில்லியில், 1607 என்று, புள்ளி இல்லாமல். சீட்டின் தலையில் "எல்லாம் மி.மீ." என்று ஒரு வரி. ஒரே சீட்டில் இரண்டும் கலக்கக் கூடாது. இதைவிட நல்ல வழி, மாற்றாமலே இருப்பது. உங்கள் டேப்பில் இரண்டு ஓரமும் இருக்கிறது. வரைபடம் மில்லியில் என்றால் மில்லி ஓரத்தைப் பார்த்தே இடத்தை அளந்து, மில்லியிலேயே ஆசாரியிடம் கொடுங்கள். முதல் நாள் முனகுவார். அவரும் டேப்பைத் திருப்பிப் பிடித்தால் போதும். அவர் நூலில்தான் சொல்வேன் என்றால் நீங்கள் அவர் பக்கம் போங்கள். இருவரில் ஒருவர் மட்டும் மாற்ற வேண்டும். இருவரும் தனித்தனியாக மாற்றிப் பிறகு ஒப்பிட்டால் சண்டைதான் வரும்.

மாற்றியே ஆக வேண்டிய இடத்தில் எந்தப் பக்கம் சுருக்குவது என்றும் யோசியுங்கள். குழிக்குள் போகும் பொருளைக் கீழ்ப்பக்கம் சுருக்குங்கள், குழியை மேல்பக்கம். 1607.3 வந்தால் அலமாரிக்கு 1605, திறப்புக்கு 1610. செயலி இந்த வேலையைச் செய்யாது. அது பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் போய் நின்றுவிடும்.

சில பொருள்களில் இரண்டு அளவும் கலந்தே வரும், அதை மாற்றப் போகாதீர்கள். கார் டயரில் 185/65 ஆர் 15 என்று இருக்கும். 185 மில்லி அகலம், பக்கச் சுவர் அதில் நூற்றுக்கு 65, நடுவில் வட்டு மட்டும் 15 அங்குலம். மொத்த உயரம் வேண்டுமென்றால் 381-உடன் இருமுறை 120-ஐக் கூட்டி 621 மி.மீ. என்று போடலாம். மற்றபடி கடையில் அப்படியே சொன்னால் போதும்.

கடைசியாக உங்கள் டிவி. 43 அங்குலம் என்பது அகலம் அல்ல, திரையின் மூலைக்கு மூலை. இப்போதைய திரைகளில் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 16:9, ஆகவே அகலம் மூலைவிட்டத்தில் நூற்றுக்கு 87, உயரம் நூற்றுக்கு 49. 43 அங்குலப் பெட்டியில் 108 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும். 43-ஐ 2.54-ஆல் பெருக்கினால் 109.2 வர வேண்டுமே என்று கேட்பீர்கள். 43 என்பது வகைப்பெயர், திரை உண்மையில் 42.5 அங்குலம்தான். செ.மீ. எண்ணையே நம்புங்கள். அதன்படி திரை அகலம் 94 செ.மீ., உயரம் 53. சட்டகம் இரண்டு மூன்று செ.மீ. சேர்க்கும். உங்கள் மாடம் 38 அங்குலம், 96.5 செ.மீ. சில மாடல் நுழையும், சிலது முட்டும். நுழைந்தாலும் பக்கத்துக்கு இரண்டு நூல்கூட இருக்காது. விரல் போகாது, பின்னால் வயர் மாட்ட முடியாது, சூடும் வெளியேறாது. பலகை இன்னும் அறுக்கவில்லை என்றால் மாடத்தை 41 அங்குலமாக்கச் சொல்லுங்கள், 1041 மி.மீ. அறுத்தாகிவிட்டது என்றால் 40 அங்குல டிவி பாருங்கள். எதுவானாலும் மாடல் விவரத்தில் "கால் இல்லாமல் அகலம்" என்று மில்லியில் போட்டிருக்கும் எண்ணை எடுத்து, டேப்பின் மில்லி ஓரத்தால் மாடத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சின்னதோடு ஒப்பிடுங்கள். பூச்சு வேலை முடிந்த சுவரில் அந்த மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.